பிடிக்கவில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது – இது எப்படி?

பரங்குன்றத்தான்:

போன வாரம் மேலூர்ப் பக்கம் அம்மாவின் ஊரில் திருவிழா. ராத்திரி வள்ளி திருமணம் நாடகம். பத்தரை மணிக்கு பபூன் வந்து தொடங்கி விடியும் வரை நடந்தது. தாய்மாமாவும் நானும் பாயை விரித்து உட்கார்ந்திருந்தோம்.

பபூன், டான்ஸ் பகுதி எனக்கு நன்றாகவே போனது. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கியபோது ஒன்றரை மணி இருக்கும். அந்தப் பாட்டு முறை எனக்கு ஒட்டவே இல்லை. உச்சத்தில் இழுத்து இழுத்துப் பாடுவது, ஒரு கேள்விக்குக் கால் மணி நேரம் பதில் சொல்வது, ஆர்மோனியம் விடாமல் கூடவே வருவது எல்லாம் காதில் நெருடிக்கொண்டே இருந்தது. கண்ணைச் சுழற்றியது.

ஓர் இடத்தில் மட்டும் தூக்கம் கலைந்துவிட்டது. நாரதர் மேலே போய் ஒரு கேள்வியைப் பாடி நிறுத்தினார். கைதட்டல். வள்ளி வேடம் கட்டிய அம்மா உடனே பாடவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கைதட்டு அடங்கும் வரை சும்மா நின்றார். பிறகு கீழே, கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி, பதிலைத் தொடங்கினார். பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

மாமா கேட்டார்: "எப்படி மாப்ள இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா. ஆனா எனக்குப் பிடிக்கல."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிடிக்காதது எப்படிடா நல்லா இருக்கும்? ஒண்ணு பொய் சொல்ற, இல்ல எனக்காகச் சொல்ற."

நான் பொய் சொல்லவில்லை. இதற்கு நேர் எதிராகவும் எனக்கு நடக்கிறது. பஸ்ஸில் நூறு தடவை கேட்ட ஒரு சினிமாப் பாட்டு இருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். மெட்டு எங்கோ கேட்டது, வரிகள் இட்டு நிரப்பியவை. ஆனாலும் அது வந்தால் சத்தத்தைக் கூட்டுகிறேன்.

அப்படியென்றால் கலையின் தரம் என்பது என் பிடித்தம் பிடிக்காததைத் தாண்டித் தனியாக இருக்கிறதா? இருந்தால் அதை நான் எதைக்கொண்டு பார்த்தேன்? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை:

தம்பி, உங்கள் மாமா சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது. கூட்டம் அமைதியானதைப் பார்த்து "இது பெரிய விஷயம் போல" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது மற்றவர்களின் ரசனை உங்கள் வாய்வழியாக வருவது. தனியாகத் தரம் என்று ஒன்றும் மேலே தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1940களில் கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருத உருப்படிகள்தான் கனமானவை, தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடும் துக்கடா என்று வைத்திருந்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1943இல் தமிழிசைச் சங்கமே எழுந்தது. அன்று துக்கடா என்று சொன்னவர்கள் யாரும் "எங்கள் ரசனை" என்று சொல்லவில்லை. "தரம்" என்றுதான் சொன்னார்கள்.

என் தாத்தா பறை அடித்தவர். சாவுக்குக் கூப்பிடுவார்கள், திருவிழாவுக்குக் கூப்பிடுவார்கள், காசைத் தரையில் வைப்பார்கள். அவர் அடித்ததைக் கலை என்று அந்த ஊரில் ஒருத்தர் வாயிலிருந்து வந்ததில்லை. இன்றைக்கு அதே அடியைக் கல்லூரி மேடையில் பிள்ளைகள் அடிக்கிறார்கள், எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அடி மாறவில்லை. "தரம்" எப்படி மாறியது? சொல்கிறவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

---

ஆர்மோனியப்பெட்டி:

முப்பது வருடமாக நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். தத்துவம் தெரியாது. தம்பி சொன்ன அந்த இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் அந்த மாதிரி இடத்துக்காகத்தான் நாங்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் ஒன்று. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் வேறு ஊர், நாரதர் வேறு ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கியிருப்பார்கள். பல சமயம் மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் முகம் பார்த்துக்கொள்வார்கள். கதையும் பாட்டும் அந்தக் கால நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்ட வழி. ஆனால் அன்று ராத்திரி எந்தக் கேள்வி வரும், எந்த ராகத்தில் வரும் என்பது எதிரில் நிற்கிறவருக்குத் தெரியாது.

ஆண் குரலும் பெண் குரலும் ஒரே கட்டையில், அதாவது ஒரே சுருதியில், சுகமாக நிற்காது. நாரதர் தன் கட்டையில் உச்சத்துக்குப் போய் நிறுத்திவிட்டால், பதில் சொல்கிறவருக்கு இரண்டு வழி. அதே உயரத்தில் தொடங்கி, "எனக்கும் எட்டும்" என்று காட்டலாம். கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்த உயரத்தில் சொல் உடைந்துவிடும், நீட்டல் மட்டும்தான் காதில் விழும். தர்க்கத்தில் சொல் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? அந்த அம்மா கைதட்டு அடங்கக் காத்திருந்ததும், கீழே இறங்கி எடுத்ததும், பதிலின் சொல் ஒவ்வொன்றும் கடைசிப் பாய் வரைக்கும் போகத்தான். அப்படி எடுத்தால் எதிராளியும் இறங்கி வந்தே ஆக வேண்டும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நாரதரைத் தன் இடத்துக்கு இழுத்துவிட்டார். வள்ளி அப்படிப்பட்ட பெண்தானே?

இது அங்கே நடந்தது. உங்களுக்குப் பிடித்தாலும் நடந்தது, பிடிக்காவிட்டாலும் நடந்தது. நீங்கள் தூக்கத்திலிருந்து விழித்தது அதற்குத்தான்.

வைகைக்கரை அண்ணன் சொன்ன வலி எனக்கும் தெரியும். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தள்ளி வைத்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக இதில் வழியில்லை, கமகம் வராது என்றார்கள். அந்தக் குறை உண்மை. கட்டையை அமுக்கினால் அந்தச் சுரம்தான் வரும், விரலால் அதை மறைக்கத்தான் நான் இத்தனை வருடம் பழகினேன். ஆனால் அதனால் இந்த வாத்தியமே ஆகாது என்று தீர்த்தார்களே, அது நியாயமில்லை. மார்கழிப் பனியில் திறந்தவெளியில் தந்தி வாத்தியம் சுருதி விலகிவிடும். ஆர்மோனியம் விடியும் வரை அதே சுருதியில் நிற்கும். எதற்காக வாசிக்கிறோம் என்று கேட்காமல் தரம் பார்த்தார்கள்.

---

தத்துவ மாணவி:

ஆர்மோனியம் ஐயா சொன்னதைப் படித்ததும் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் நினைவுக்கு வந்தார். 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் 'டான் குயிக்ஸாட்' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். இரண்டு பேரிடம் ஒரு பீப்பாய் மதுவை ருசி பார்க்கச் சொல்கிறார்கள். ஒருவர், நல்ல மது, லேசாகத் தோல் வாடை என்கிறார். இன்னொருவர், நல்ல மது, லேசாக இரும்பு வாடை என்கிறார். சுற்றியிருந்தவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் ஒரு பழைய சாவி, தோல் வாரில் கட்டியபடி கிடக்கிறது.

ருசி நாக்கில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாக்கு எதைப் பிடித்ததோ அது பீப்பாயில் இருந்தது. பழகிய நாக்கும் பழகாத நாக்கும் சமமில்லை என்கிறார் ஹியூம்.

---

வைகைக்கரை:

பீப்பாயில் சாவி இருந்தது சரி, பாட்டில் சாவி எங்கே இருக்கிறது மகளே? எதைக் காலி செய்து காட்டுவீர்கள்?

ஆர்மோனியம் அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் காட்டியது திறமை. திறமையை அளக்கலாம். கட்டை தவறாமல் பாடுகிறாரா, தாளம் விலகுகிறதா என்று எவரும் சொல்லிவிடலாம். எல்லாம் சரியாக இருந்தும் உயிரில்லாத பாட்டு எத்தனை கேட்டிருக்கிறோம்! அந்த உயிர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் கேட்கிறவர் மனதைப் பொறுத்தது. அங்கே வந்தால் மறுபடி ரசனைதான்.

---

மண்பொம்மை:

விளாச்சேரி. எங்கள் வீட்டில் நான்காவது தலைமுறையாகப் பொம்மை செய்கிறோம். திறமை வேறு, உயிர் வேறு என்று அண்ணன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த உயிரை வைக்கிற வேலைதான் எங்கள் வேலை, அதனால் எழுதத் தோன்றியது.

ஒரே அச்சில் பத்து மீனாட்சி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் ஒன்று, சூளை ஒன்று, வர்ணம் ஒன்று. கடைசியில் கண் திறப்பது என் அப்பா. மேல் இமையின் கோடு கருவிழி மேல் கொஞ்சம் படிய வேண்டும். ஒரு நூலளவு. படியாமல் கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிந்தால் பொம்மை மிரண்டு போய்ப் பார்க்கும். அதிகம் படிந்துவிட்டால் தூங்கி வழியும். இரண்டு கருவிழியும் ஒரே இடத்தைப் பார்க்காவிட்டால் முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரும் அதை எதிர்கொள்ள முடியாது. கோடு போடும்போது அப்பா மூச்சை நிறுத்திக்கொள்வார். போட்டதும் பொம்மையைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்ப்பார். பத்தில் ஏழெட்டு நன்றாக வரும். ஒன்று மட்டும் "பார்க்கும்". அந்த ஒன்றை எடுத்து உள் அலமாரியில் வைத்துவிடுவார்.

கொலுவுக்கு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஜிகினா அதிகம் உள்ளதைத்தான் எடுப்பார்கள். தப்பே இல்லை, அவர்கள் வீட்டுப் படிக்கு அது பொருந்தும். ஆனால் உள்ளே தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அலமாரி முன்னால் நின்றுவிடுவார்கள். "இது விற்கவா?" என்று கேட்டுவிட்டு, பிறகு வெளியே போய் ஜிகினா பொம்மையை வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். பரங்குன்றத்து அண்ணன் சொன்னதும் இதுதானே? எது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது, எது வேண்டும் என்பது வேறாக இருந்தது.

அண்ணே, சாவி எங்கே என்று கேட்டீர்கள். எங்கள் வேலையில் அது இமைக் கோட்டில் அந்த நூலளவு. அதை யாருக்கும் தொட்டுக் காட்டுவேன். ஆனால் அளவுகோல் வைத்துப் போடச் சொன்னால் வராது, நானே முயன்று பார்த்துவிட்டேன்.

---

உசிலை அக்கா:

எல்லோரும் பிடித்தது, பிடிக்காதது என்றே பேசுகிறீர்கள். ஒப்பாரி யாருக்குப் பிடிக்கும்? ஒப்பாரி கேட்க ஆசையாக இருக்கிறது என்று யாராவது கிளம்பிப் போனதுண்டா? ஆனாலும் உசிலம்பட்டிப் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் நன்றாக ஒப்பாரி வைக்கிறவர் யார் என்று சொல்லிவிடுவார்கள். சாவு விழுந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள்.

என் அப்பா இறந்தபோது முதல் நாள் வந்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான வரிகளைப் பாடினார்கள். தங்கத் தொட்டில், பொன்னு ரதம், எட்டுக்கால் பந்தல். குரல் நன்றாகத்தான் இருந்தது. நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பத்தா முறை உள்ள ஒரு கிழவி மறுநாள் காலையில் வந்தார். குரல் தேய்ந்து போனவர், பாதி வார்த்தை காற்றாகத்தான் வரும். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு தொடங்கினார். நடுராத்திரி கரண்ட் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போவாயே, இன்றைக்குக் கரண்ட் வந்திருக்கிறது, வரப்பில் உன் வெளிச்சத்தைக் காணோமே என்று பாடினார். அவ்வளவுதான். அதுவரை நான் அழவில்லை. வாசலில் நின்ற ஆண்கள், அப்பாவுடன் வாய்க்கால் தகராறில் பத்து வருடம் பேசாதவர் உட்பட, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதை நான் "ரசித்தேன்" என்று சொல்ல வாய் வராது. மறுபடி கேட்கச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். ஆனால் நான் கேட்ட பாட்டுகளில் அதைவிட நல்ல பாட்டு இல்லை. ஏன் என்றும் சொல்ல முடியும்: மற்ற வரிகள் எந்தச் சாவுக்கும் பொருந்தும், அந்த வரி அவர் ஒருவருக்குத்தான் பொருந்தும். குரல் வளம் இல்லை, திறமை என்று அளந்தால் முதல் நாள் வந்தவர்கள்தான் ஜெயிப்பார்கள். அதனால் திறமையை மட்டும்தான் காட்ட முடியும் என்று வைகைக்கரை அண்ணன் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

அண்ணே, இன்னொன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் தாத்தா அடித்த அடி, ஊரில் யாரும் கலை என்று சொல்லாத அந்தக் காலத்திலும் நல்ல அடிதானே?

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

உசிலை அம்மா எழுதியதற்குப் பிறகு நான் பேசத் தயங்குகிறேன். ஆனாலும் அவர் சொன்னதைத் தொல்காப்பியர் ஒத்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்று எண்ணும்போது நகை, உவகையோடு அழுகையையும் இளிவரல் என்ற இழிவுணர்வையும் அச்சத்தையும் சேர்த்தே வைத்தார். பிடித்தமானது மட்டும்தான் கலைக்குள் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

இந்தக் கேள்வி நம் மதுரைக்கு மிகப் பழையது. இறையனார் களவியல் உரையில் ஒரு கதை உண்டு. ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரம் செய்தான். சங்கத்தார் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கோர் உரை எழுதினார்கள். எது நல்லுரை என்று யார் சொல்வது? ஒவ்வொருவரும் தன்னுடையதே நன்று என்பார்கள். கடைசியில் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்தார்கள். வாய் பேசாத பிள்ளை. புலவர்கள் ஒவ்வொருவராக உரை சொல்ல, பிள்ளை சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் சொன்னபோது சில இடங்களில் கண்ணீர் வந்து மயிர் சிலிர்த்தது. நக்கீரர் சொன்னபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்தது. அதுதான் உரை என்று ஒத்துக்கொண்டார்கள்.

வகுப்பில் இதைப் பல வருடம் அற்புதக் கதையாகச் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. சங்கத்தார் தேடியது ரசனை இல்லாத அளவுகோலை அன்று. பிள்ளையின் உடம்பில் நடந்ததுதான் சாட்சி, அதைவிடத் தனிப்பட்டது எதுவும் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு எந்தப் புலவரிடமும் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. புகழ்ந்து பேச வாயும் இல்லை. ரசனையில் வந்து ஒட்டிக்கொள்கிற சாதி, பெருமை, பயம், கூட்டத்தோடு சேர்ந்து தலையாட்டுவது எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற ரசனையைத் தேடியிருக்கிறார்கள். வைகைக்கரை ஐயா கோபப்படுவது அந்த ஒட்டலின் மேல். அந்தக் கோபம் முழுக்க நியாயம். அதற்காக மிஞ்சுவது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது.

பின்னாளில் எழுத்தாளர்களும் விமர்சகர்களுமான க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் இதைத்தான் முட்டி மோதினார்கள். க.நா.சு. தன் வாசிப்பு அனுபவத்தை நம்பி இது நல்லது, இது இல்லை என்று சொல்லிக்கொண்டே போவார். வத்தலக்குண்டில் வளர்ந்த செல்லப்பாவுக்கு அது போதவில்லை. எந்த வரியில் எப்படி என்று அலசிக் காட்டு என்றார். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி அந்த அலசல் விமர்சனத்தை வளர்த்தார். எனக்கு இருவரும் வேண்டும். முதலில் சிலிர்க்காதவனுக்கு அலச ஒன்றும் கிடைக்காது. சிலிர்த்ததோடு நிறுத்திக்கொள்கிறவன் அடுத்தவனுக்கு எதையும் காட்ட முடியாது. பரங்குன்றத்துத் தம்பி முந்தானை நுனியைச் சுற்றிய விரலைக் கவனித்து எழுதினாரே, அங்கேயே அலசல் தொடங்கிவிட்டது.

---

வைகைக்கரை:

நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

அக்கா கேட்டதற்கு: ஆமாம். நல்ல அடிதான்.

தாத்தா வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். முகத்தைத் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு ஒரு விரலால் சுண்டிக் காதருகே வைப்பார். பிடிக்கவில்லையென்றால் மறுபடி தீ. சாவு வீட்டில் அவசரப்படுத்துவார்கள், திட்டுவார்கள், அவர் அசைய மாட்டார். பக்கத்து ஊரில் ஒருவர் இருந்தார், தாத்தாவுக்கு அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தூரத்தில் அவர் அடிக்கிற சத்தம் கேட்டால் தாத்தா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அவன் சிண்டு விழுகிறது பாரு" என்பார். சிண்டு என்பது பறை அடிக்கிற மெல்லிய குச்சி. பிடிக்காத ஆளைப் பற்றி அப்படிச் சொன்னார். யாரும் கலை என்று சொல்லாத காலத்தில் அவர்களுக்குள் அது இருந்திருக்கிறது. அதை நான் மேலே எழுதும்போது மறந்துவிட்டேன்.

தரம் என்று பேச வருகிறவர்கள் அந்தத் தெருவுக்குள் வந்து கேட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

ஆர்மோனியப்பெட்டி:

விட்டுக்கொடுக்கவே வேண்டாம் அண்ணே.

---

பரங்குன்றத்தான்:

ஊருக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஒப்பாரி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்து, மிச்சத்தையும் வாசி என்றார்.

முடித்ததும் என்னோடு வாதம் எதுவும் செய்யவில்லை. "அந்தம்மா நிறுத்துச்சுல்ல, அது எனக்கும் தெரிஞ்சது மாப்ள. நான் வேற நெனப்புல இருந்தேன்னு நெனச்சுக்கிட்ட நீ" என்றார். பிறகு, அந்த அம்மா அடுத்து எந்த ஊரில் வேடம் கட்டுகிறார் என்று கேட்டார். நாடக நோட்டீஸில் பெயரும் போட்டோவும் போட்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பாதி கிழித்துவிட்டார்கள். மீதி நோட்டீஸ் யாரிடம் இருக்கும் என்று மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.